மாட்டின் காதிலே பேசும் வில்லை



துணுக்காய்ப் பகுதியிலிருந்து ஒரு சகோதரி இம்முறை எழுதிக் கேட்டிருக்கும் கேள்வி, மாடு வளர்க்கும் எமது பெண்கள் எல்லோருக்கும் பொதுவானது. "அவுஸ்திரேலியாவில் இருக்கும் தம்பி சொல்கிறான், அங்கே ஒவ்வொரு மாட்டின் காதிலும் ஒரு வில்லை இருக்கிறதாம். ஒரு கோலைக் கிட்டக் கொண்டுபோனால் அந்த வில்லை மாட்டின் இலக்கத்தைச் சொல்லிவிடுமாம். இங்கே களவு போகிற மாடுகளைக் கண்டுபிடிக்க அது உதவுமா அக்கா? அது வந்தால் குறி சுடுவதை விட்டுவிடலாமா?"

நல்ல கேள்வி. இதற்கு ஆம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் விடை சொல்லிவிட முடியாது. அந்த வில்லை எப்படிப் பேசுகிறது, அதை எப்படித் தேடுகிறார்கள் என்று அறிந்துகொண்டால், எங்கே அது உதவும், எங்கே உதவாது என்பதை நாமே தீர்மானிக்கலாம்.

குறி சுட்ட மாடு

வன்னியிலே ஒரு மாடு யாருடையது என்று அறிய அதன் முகத்தை நாம் பார்ப்பதில்லை. உடம்பிலே சுட்டிருக்கும் எழுத்தைப் பார்க்கிறோம். காலபோக விதைப்புத் தொடங்கியதும் வயல்வெளியிலிருந்து மாடுகளைக் காட்டோரத் தரவைகளுக்குச் சாய்த்துக்கொண்டு போவதும், அறுவடை முடிந்ததும் திரும்பக் கொண்டுவருவதும் எமது வழக்கம். நாலைந்து குடும்பங்களின் மாடுகள் ஒரே பட்டியில் கலந்து நிற்கும். அவற்றைப் பிரித்தெடுக்கத் துணை நிற்பது குறிதான். 1958 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க விலங்குகள் சட்டமும் குறி சுடுவதையும் மாட்டுச் சீட்டையும் உரிமைக்கான அடையாளமாக வைத்திருக்கிறது.

2008 இலும் 2009 இலும் இடம்பெயர்ந்து ஓடியபோது கயிற்றை அவிழ்த்துவிட்டு வெறுங்கையோடு போனவர்கள் நாம். 2009 இன் இறுதியிலிருந்து, 2012 செப்ரெம்பரில் மெனிக் பாம் முகாம் மூடப்படும் வரை கட்டங்கட்டமாகத் திரும்பி வந்தோம். காட்டில் அலைந்த மாடுகளுக்குள்ளே தம்முடையதைத் தேடியவர்கள் பழைய தழும்பைப் பார்த்துத்தான் தேடினார்கள்.

குறிக்கு ஒரு பெருமை உண்டு. அதை வாசிக்கக் கருவி வேண்டாம், கண் இருந்தால் போதும். குறைகளும் உண்டு. சுடும்போது மாடு துடிக்கும், புண்ணாகும், இலையான் மொய்க்கும். மயிர் வளர்ந்தால் எழுத்து மங்கும். பழைய எழுத்தின்மேல் வேறோர் எழுத்தைச் சுட்டு மாற்றிவிடவும் முடியும். அந்த மாடு எப்போது பிறந்தது, என்ன ஊசி போட்டது, தாய் எது என்பதொன்றையும் குறி சொல்லாது.

பற்றரி இல்லாத வானொலி

வில்லை எப்படிப் பேசுகிறது? இதை விளங்கிக்கொள்ள எமக்கு அதிகம் கஷ்டப்பட வேண்டியதில்லை. முகமாலையிலும் வேறு இடங்களிலும் கண்ணிவெடி அகற்றும் பணியிலே எமது பெண்கள் பெருந்தொகையாக ஈடுபட்டதை அறிவோம். அவர்கள் கையில் பிடித்த கருவியின் வட்டமான தலைப்பகுதியில் ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. அதில் மின் ஓடும்போது சுற்றிவர ஒரு காந்தப்புலம் உண்டாகும். நிலத்துக்குள் உலோகம் இருந்தால் அந்தப் புலம் குழம்பும், கருவி சத்தமிடும். ஆனால் கிடப்பது துருப்பிடித்த ஆணியா, எறிகணைத் துண்டா, மிதிவெடியா என்பதை அந்தச் சத்தம் சொல்லாது. "இங்கே ஏதோ இருக்கிறது" என்பதோடு அதன் பேச்சு முடிந்துவிடும். மிச்சத்தை அந்தப் பெண் முழந்தாளில் இருந்து, மண்ணை மெல்ல மெல்லச் சுரண்டித்தான் அறிய வேண்டும்.

மாட்டின் வில்லையை வாசிக்கும் கருவியிலும் அப்படி ஒரு கம்பிச்சுருள்தான் இருக்கிறது. வித்தியாசம் மறுபக்கத்தில் உள்ளது. வில்லைக்குள்ளும் ஒரு சிறு சுருளும், அரிசியிலும் சிறிய ஒரு மின்சில்லும் ஒளிந்திருக்கின்றன. கருவியின் புலம் பட்டதும் வில்லையின் சுருளிலே கொஞ்சம் மின் பிறக்கிறது. அந்த மின்னிலே சில்லு விழித்தெழுந்து, தன் இலக்கத்தைச் சொல்லிவிட்டு மீண்டும் உறங்கிப்போகிறது. ஆகவே கிடைப்பது "ஏதோ இருக்கிறது" என்ற சத்தம் அல்ல. "நான் இன்னார்" என்ற பதில்.

இதற்குப் பற்றரி வேண்டாமா? வேண்டாம். பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டவர்கள் நாம். கேட்க விரும்புகிறவரே மின்னையும் கொடுக்க வேண்டும் என்பது எமக்குப் பழக்கமான சங்கதி. வில்லையிலும் அதுதான் நடக்கிறது. கேள்வி கேட்கிற கருவியே பதில் சொல்வதற்கான மின்னையும் கொடுக்கிறது. இதனால்தான் ஒரு வில்லை மாட்டின் ஆயுள் முழுவதும் உழைக்கிறது.

கால்நடைகளுக்கான வில்லைகள் பெரும்பாலும் 134.2 கிலோஹேர்ட்ஸ் என்ற அலைவரிசையில் பேசுகின்றன. 1996 இல் வந்த சர்வதேசத் தர விதியின்படி ஒவ்வொன்றுக்கும் 15 இலக்கங்கள். முதல் மூன்றும் நாட்டைக் குறிக்கலாம். இலங்கைக்கு 144, இந்தியாவுக்கு 356. நாட்டின் எண் இல்லாத வில்லைகளில் 900 இல் தொடங்கும் எண், செய்த கம்பனியைக் குறிக்கும்.

மொஸ்கோவிலிருந்து மாட்டுத் தொழுவத்துக்கு

இந்தக் கண்டுபிடிப்பின் வரலாறு சுவையானது. 1945 ஓகஸ்டில் மொஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதுவருக்குச் சோவியத் பள்ளிப் பிள்ளைகள் மரத்தில் செதுக்கிய அமெரிக்க அரச இலச்சினை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். அவர் அதைத் தன் வீட்டுச் சுவரில் மாட்டினார். அதற்குள்ளே லியோன் தெரமின் என்பவர் செய்த ஒட்டுக்கேட்கும் கருவி இருந்தது. அதில் பற்றரியும் இல்லை, வயரும் இல்லை. வெளியேயிருந்து வானொலி அலையைப் பாய்ச்சினால் மட்டுமே விழித்து, அறையில் பேசுவதைக் காட்டிக்கொடுக்கும். 1952 இல்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். இன்றைய வில்லைகளுக்கு இதை ஒரு மூதாதை எனலாம்.

1948 இல் ஹரி ஸ்ரொக்மன் என்ற பொறியியலாளர், திருப்பி அனுப்பப்படும் அலையாலேயே செய்தி சொல்லலாம் என்று ஒரு கட்டுரையில் விளக்கினார். 1973 இல் அமெரிக்காவிலே மரியோ கார்டுலோ, சாள்ஸ் வோல்ற்றன் ஆகிய இருவரும் தனித்தனியே காப்புரிமை பெற்றார்கள். கார்டுலோவின் வில்லைக்கு நினைவகம் இருந்தது. வோல்ற்றனின் அட்டை சாவி இல்லாமலே கதவைத் திறந்தது.

மாடுகளிடம் இதைக் கொண்டுவந்தது அணுகுண்டு செய்த அதே லொஸ் அலமோஸ் ஆய்வுகூடம்! நோயுற்ற பசுக்களுக்கு மருந்து கொடுக்கும்போது ஒரே பசுவுக்கு இரண்டு தடவை போய்விடக் கூடாது, ஒரு பசுவும் தவறிவிடக் கூடாது என்று அமெரிக்க விவசாயத் திணைக்களம் வழி தேடியது. அந்த ஆய்வுகூடத்தைச் சேர்ந்த கோல், டெப், பிரெய்மன் ஆகிய மூவரும் 1975 இல் இதற்கான தொழில்நுட்பத்தை எழுதி வெளியிட்டார்கள். அழிவுக்குப் பேர்போன இடத்திலிருந்து பசுவுக்கு மருந்தளக்க ஒரு வழி பிறந்தது.

தேடுவது எப்படி?

வாசிப்பது ஒரு வேலை, தேடிக் கண்டுபிடிப்பது இன்னொரு வேலை. இரண்டுக்கும் தனித்தனிக் கண்டுபிடிப்புக்கள் உள்ளன.

மாட்டுக்கு உபயோகிப்பது பெரும்பாலும் கோல் போன்ற கருவி. காதுக்கு ஏறக்குறைய ஒரு முழத்துக்குள் கொண்டுபோக வேண்டும். பெரிய பண்ணைகளில் மாடுகள் ஒவ்வொன்றாக நடந்துபோகும் ஒடுங்கிய பாதையின் ஓரத்தில் ஒரு பலகைக் கருவியை நிறுத்துவார்கள். ஏன் ஒவ்வொன்றாக? இரண்டு வில்லைகள் ஒரே நேரத்தில் பேசினால் கருவிக்கு ஒன்றும் விளங்காது. இந்த வகை வில்லைகளுக்கு முறை வைத்துப் பேசத் தெரியாது.

முறை வைத்துப் பேசத் தெரிந்த வேறு வகை வில்லைகளும் உண்டு. அவை 860 முதல் 960 மெகாஹேர்ட்ஸ் வரையான உயர் அலைகளில் பேசுகின்றன. பால் சேகரிக்கும் இடத்தில் எல்லோரும் ஒன்றாகக் கத்தினால் குழப்பம்தான், ஆளுக்கொரு துண்டு எடுத்தால் ஒழுங்கு வந்துவிடும். இந்த வில்லைகளும் தமக்குள் எழுமானமாக ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு அந்த முறை வரும்போது பேசுகின்றன. ஒரு குறிப்பிட்ட இலக்கத்தை மாத்திரம் கூப்பிட்டு, மற்றவற்றை மௌனமாக வைக்கவும் கருவியால் முடியும். பிறகு கருவியைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது, பதில் உரத்து வந்தால் கிட்டவிருக்கிறோம், மெலிந்தால் விலகுகிறோம். "பீப்" சத்தம் விரைந்துகொண்டே போய் இடத்தைக் காட்டும். நூலகத்தில் இடம்மாறிப்போன புத்தகத்தை இப்படித் தேடுகிறார்கள். இந்தியாவில் 2021 பெப்ரவரி முதல் வாகனங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட ஃபாஸ்டேக் ஒட்டியும் இந்த வகைதான்.

இவ்வளவு தூரம் பேசுகிறதே, மாட்டுக்கும் இதையே போட்டால் என்ன? உயர் அலையைத் தண்ணீர் உறிஞ்சிவிடும். மாட்டின் உடம்பில் பெரும்பங்கு தண்ணீர். தாழ் அலையோ சதையையும் ஈரத்தையும் ஊடுருவிப் போகும். அதனால்தான் கால்நடைக்குத் தாழ் அலையே முதலில் நிலைத்தது.

வேறு உபயோகங்களும் உண்டு. நிலத்துக்குள் குழாயும் வயரும் தாழ்க்கும்போது கூடவே சிறு பந்து போன்ற அடையாளத்தையும் தாழ்த்துவிட்டால், பல வருடம் கழித்து மேலேயிருந்து கருவியால் அதைக் கண்டுபிடிக்கலாம். சில வெளிநாட்டு வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சைப் பஞ்சுத் துணிகளில் வில்லை வைத்துத் தைக்கிறார்கள். தையல் போடுமுன் நோயாளியின் மேலாகக் கருவியை நகர்த்தினால், உள்ளே ஏதும் தங்கிவிட்டதா என்று தெரிந்துவிடும்.

களவை நிறுத்துமா?

இப்போது சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். காட்டுக்குள் நிற்கும் மாட்டை வீட்டிலிருந்தபடியே கைத்தொலைபேசியில் பார்க்கலாம் என்று எண்ணினால் அது இந்த வில்லையால் நடக்காது. செய்மதியோடு தொடர்புகொண்டு இடத்தைக் காட்டும் கழுத்துப்பட்டி வேறு. அதற்குப் பற்றரி வேண்டும், விலையும் கூட. காது வில்லையோ, ஒருவர் கருவியோடு மாட்டின் பக்கத்தில் போய்க் கேட்டாலொழிய வாய் திறக்காது.

அப்படியானால் களவுக்கு அது உதவாதா? மாடு கைமாறும் இடங்களில் உதவும். லொறியை மறிக்கும் இடத்திலும், விற்பனை இடத்திலும், இறைச்சிக்கு வெட்டும் இடத்திலும் கருவி இருக்க வேண்டும். அதைப் பிடிக்க ஒருவர் மனம் வைக்கவும் வேண்டும். காதை அறுத்து வில்லையை எறிந்துவிட்டுப் போகிற கள்வருக்கும் ஒரு மாற்றுக் கண்டுபிடிப்பு வந்திருக்கிறது. பாரமான மட்பாண்டக் குளிசைக்குள் வில்லையை வைத்து மாட்டுக்கு விழுங்கக் கொடுக்கிறார்கள். அது இரைப்பையின் அடியிலே தங்கிவிடும். மாடு உயிரோடிருக்கும்வரை எவராலும் எடுக்க முடியாது.

அவுஸ்திரேலியாவில் 2005 ஆம் ஆண்டளவில் நாடு முழுவதும் மாடுகளுக்கு இலத்திரனியல் வில்லை கட்டாயமாக்கப்பட்டது. 2025 ஜனவரி முதலாம் திகதி முதல் புதிதாகப் பிறக்கும் செம்மறிகளுக்கும் ஆடுகளுக்கும் அது வந்துவிட்டது. அவர்களுடைய முக்கிய நோக்கம் நோய். ஒரு மாட்டில் தொற்றுநோய் கண்டால், அது எந்தெந்தப் பண்ணைகளில் நின்றது என்று உடனே தேடிப்பிடிக்க வேண்டும். இந்தியாவில் மாடுகளின் காதில் மாட்டும் மஞ்சள் வில்லையில் 12 இலக்கங்கள் உண்டு. அது பெரும்பாலும் கண்ணாலோ கோட்டுக்குறியாலோ வாசிக்கும் அட்டை. 2020 இல் எமது வடக்கிலே மாடுகளுக்குத் தோல் கட்டி நோய் பரவியதை மறந்திருக்க மாட்டீர்கள். எந்த மாட்டுக்கு ஊசி போட்டது, எதற்குப் போடவில்லை என்று தெரிவதற்கு இலக்கம் பெரும் துணைதான்.

இலக்கம் யார் பெயரில்?

இதுவரை கருவியைப் பற்றிப் பேசினேன். இனிச் சொல்லப்போவது கருவியைவிட முக்கியமானது.

வில்லைக்குள் பெயர் இல்லை, ஊர் இல்லை. வெறும் 15 இலக்கங்கள்தான். அந்த இலக்கத்துக்கு நேரே ஒரு பெயர் எழுதியிருப்பது வேறெங்கோ உள்ள பதிவேட்டில். வில்லை பொய் சொல்லாது. ஆனால் பதிவேட்டில் யாருடைய பெயர் எழுதியிருக்கிறதோ அவருடைய மாடு என்றுதான் அது சொல்லும்.

2022 டிசெம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த கடுங்குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான கால்நடைகள் மடிந்தன. முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களில் பட்டியோடு செத்துக் கிடந்ததைக் கண்டு அழாத வீடு இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு தாய்க்கு அந்த இரண்டு நாளில் ஆறு மாடுகள் போய்விட்டன. மீள்குடியேறி வந்தபின் இரண்டு பசுவோடு தொடங்கி, பால் விற்று, பிள்ளைகளைப் படிப்பித்து, அவர் தனியே பெருக்கிய பட்டி அது. இழப்பைப் பதியப் போன இடத்தில் கேட்டார்களாம்: "குறி யாருடைய பெயரில்?" கணவரின் எழுத்து. சீட்டும் கணவர் பெயரில். "அப்படியென்றால் அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்."

அவர் 2009 இலிருந்து காணாமற்போனவர்.

அந்தத் தாய் ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்துவிட்டார். பதின்மூன்று வருடமாகப் பட்டி கூட்டியவர், பால் கறந்தவர், கன்று ஈனும் இரவுகளில் விழித்திருந்தவர் அவர். கேட்டவரும் பொய்யாக ஒன்றும் கேட்கவில்லை. குறி சொன்னபடிதான் கேட்டார். சூட்டுக்குறிக்குப் பதிலாக அந்த மாடுகளின் காதில் உலகத்தின் மிகத் திறமான வில்லை இருந்திருந்தாலும் என்ன நடந்திருக்கும்? கருவி ஒரு நொடியில் இலக்கத்தை வாசித்து, அதே பெயரைத்தான் காட்டியிருக்கும்.

சகோதரிகளே, எமது மாவட்டங்களில் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் எத்தனை என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆண் துணை இருக்கும் வீடுகளிலும் மாட்டின் வேலை பெண்ணுக்கு, மாட்டின் சீட்டு ஆணுக்கு என்றுதான் பெரும்பாலும் இருக்கிறது. ஆகவே வில்லை வருமுன்னரே செய்ய வேண்டியவை சில உள்ளன.

முதலாவது, மாட்டுச் சீட்டை எடுத்து யாருடைய பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். வாங்கும்போதும் விற்கும்போதும் பெயர் மாற்றத்தை உடனே செய்துவிடுங்கள். "பிறகு பார்ப்போம்" என்று விட்டால் அது பிறகு வராது.

இரண்டாவது, உதவித் திட்டங்களில் பசு கிடைத்தால், பராமரிப்பவர் நீங்கள் என்றால், பதிவும் உங்கள் பெயரில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். இதைக் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

மூன்றாவது, ஒவ்வொரு மாட்டையும் இரண்டு பக்கமும், குறியும் காதும் தெரியக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். ஒரு கொப்பியில் பிறந்த திகதி, தாய்ப் பசு, ஊசி போட்ட நாள், சினைப்படுத்திய நாள் ஆகியவற்றை எழுதுங்கள். மிருக வைத்தியர் வரும்போது அந்தக் கொப்பியில் அவரிடம் ஒப்பமும் வாங்குங்கள்.

நான்காவது, கணவர் காணாமற்போயிருந்தால், மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாதவர்களுக்காக 2016 ஆம் ஆண்டுச் சட்டம், ஆள் காணாமற்போயிருப்பதை உறுதிசெய்யும் சான்றிதழ் ஒன்றை ஏற்படுத்தியது. அவர் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ளாமலே சில அலுவல்களைப் பார்க்க அது வழி விடுகிறது. உங்கள் விடயத்தில் எதற்கெல்லாம் செல்லும் என்று சட்ட உதவி ஆணைக்குழுவிடம் கேட்டறியுங்கள். எடுப்பதா விடுவதா என்பது உங்கள் முடிவு.

இலத்திரனியல் வில்லை என்றைக்காவது எமது பட்டிகளுக்கும் வந்தால், மாதர் சங்கக் கூட்டத்தில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வாசிக்கும் கருவி யாருடைய கையில் இருக்கும்? பதிவேட்டை யார் வைத்திருப்பார்கள், அதை நாங்கள் பார்க்கலாமா? எங்கள் மாட்டின் இலக்கத்துக்கு நேரே யாருடைய பெயர் எழுதப்படும்?

குறி சுடுவதை விடலாமா என்று கேட்ட துணுக்காய்ச் சகோதரிக்கு: இப்போதைக்கு விட வேண்டாம் அம்மா. தரவையில் மாடு மேய்க்கும் பிள்ளைக்குக் குறியை வாசிக்கக் கருவி தேவையில்லை. வில்லை வந்தபிறகு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுக்கலாம். அதுவரை சீட்டைத் தேடி எடுத்து, பெயரைப் பார்த்து வையுங்கள்.

அடுத்த மாதம் இன்னொரு கேள்வியோடு சந்திப்போம்.